தொண்டிச் சாலை மலையேறும் இடம்: டிரெய்லர் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கொச்சியில் தொடங்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மூணாறு, போடி, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வந்து முடிகிற இடம் நம் தொண்டி. ஆகவே இந்தக் கரையிலிருந்து மலைக்குப் புறப்படும் வண்டி வழி தேட வேண்டியதில்லை. ஆனால் போடியைத் தாண்டியதும் அதே சாலை வேறு சாலையாகிவிடுகிறது. பாம்பன் பாலத்தின் நடுமேட்டைத் தவிர ஏற்ற இறக்கம் என்று சொல்ல நம் கரையோரத்தில் அதிகம் இல்லை. பிரேக்கைச் சில விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து மிதித்திருக்க வேண்டிய தேவை இங்கே ஓட்டிப் பழகியவர்களுக்கு வந்ததே இல்லை. இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, பிக்கப் வண்டியில் டிரெய்லரைக் கட்டி மலைக்குக் கொண்டுபோவதைப் பற்றியவை என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மூணாறு அருகே உள்ள ஒரு விடுதிக்கு ஃபைபர் படகு ஒன்றை விற்றிருக்கிறோம். அவுட்போர்டு எஞ்சின், படகு, டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 800 கிலோ வரும். சொந்த பிக்கப்பில் இழுத்துச் செல்ல எண்ணி, ஊருக்கு வெளியே ஓட்டிப் பார்த்தோம். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் டிரெய்லர் இடமும் வலமும் ஆடுகிறது. கொக்கியை மாற்ற வேண்டுமா? (படகுக்காரர் ஒருவர், தொண்டி)

கொக்கியை மாற்றுவதற்கு முன்னால் சுமை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். டிரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கியின்மேல் அமரும் முனை, மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை கீழ்நோக்கி அழுத்த வேண்டும். உங்கள் 800 கிலோவுக்கு அது 80 முதல் 120 கிலோ. இதற்குக் குறைந்தால் டிரெய்லர் தன் அச்சையே மையமாக்கிக்கொண்டு ஊசலாடும். மிகவும் கூடினால் பிக்கப்பின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்கள் தரையைப் பிடிக்கும் பிடி குறைந்து, ஸ்டீயரிங் லேசாகிவிடும். அளப்பதற்குப் பெரிய எடைமேடை வேண்டாம். மீன் எடை போடும் மேடைத் தராசைக் கடன் வாங்கி, சமதரையில் டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கொக்கியில் மாட்டும் உயரத்திலேயே மூக்கு நிற்கும்படி தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டும் எடையிலிருந்து கட்டையின் எடையைக் கழித்தால் விடை கிடைத்துவிடும்.

உங்கள் படகில் மூக்கு எடை குறைவாக இருக்கும் என்றே எண்ணுகிறேன். அணியம், அதாவது முன்முனை, மெலிந்தது; அமரம், அதாவது பின்முனை, கனத்தது; அந்தக் கனத்தோடு அவுட்போர்டு எஞ்சினும் அமரத்தின் கடைசியில் தொங்குகிறது. சிறிய எஞ்சினே சுமார் 40 கிலோ இருக்கும். அதைக் கழற்றி பிக்கப்பின் தொட்டியில் வைத்துக் கட்டுங்கள். எரிபொருள் கேனையும் நங்கூரத்தையும் அப்படியே செய்யுங்கள். பிறகும் மூக்கு எடை போதவில்லையென்றால் படகையே ஒரு சாண் முன்னால் இழுத்து மறுபடி எடை போடுங்கள். படகுக்குள் தேங்கிய மழைநீரை வடித்துவிடுவதும் முக்கியம். ஏற்றத்தில் அந்த நீர் முழுவதும் அமரத்துக்கு ஓடி, ஊரில் சரியாக இருந்த மூக்கு எடையை மலையில் குறைத்துவிடும். ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிச் செல்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உருகிய நீரைப் புறப்படுமுன் வடித்துவிடுங்கள். வளைவுகளில் அதை ஒழுகவிட்டுச் சென்றால், பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் அந்த வழுக்கலில் விழுவார்.

ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக அசையாமல் பிடித்து, வண்டி தானாக வேகம் குறையும்வரை காத்திருங்கள். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கை ஒடிப்பதும், பிக்கப்பின் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும் டிரெய்லரைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் பாலத்தின்மேல் டிரெய்லருடன் போகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பக்கக்காற்றும் இதே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும்.

தேனிப் பக்கத்துச் சந்தைகளுக்கும் மலைமேல் உள்ள எஸ்டேட் கடைகளுக்கும் கருவாடு கொண்டுபோகிறோம். சென்ற மாதம் விற்காத மூட்டைகளுடன் போடிமெட்டிலிருந்து இறங்கும்போது, பாதி வழியில் கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவில் பிரேக் மிதி பஞ்சுபோல உள்ளே போய்விட்டது. கைப்பிரேக்கால் எப்படியோ நிறுத்தினோம். புறப்படுமுன்தான் பிரேக் லைனர் புதிதாக மாற்றியிருந்தோம். பிறகு ஏன் இப்படி? (வாசகர், ஏர்வாடி)

உயிரோடு கடிதம் எழுதியிருக்கிறீர்களே என்று முதலில் நிம்மதி அடைந்தேன். உங்கள் லைனரில் குறையில்லை; அந்த லைனரிடம் எந்தப் பிரேக்காலும் செய்ய முடியாத வேலையைக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிக்கப்பும் டிரெய்லரும் சுமையும் சேர்த்து 3 டன் என்று வையுங்கள். அந்த வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்தும்போது பிரேக்கில் எவ்வளவு வெப்பம் பிறக்கிறதோ, அதைப்போல ஏறத்தாழ 40 மடங்கு ஆற்றல் 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படுகிறது. காற்றும் சக்கர உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை எஞ்சின் தாங்கலாம், அல்லது பிரேக் தாங்கலாம், மூன்றாவது வழி கிடையாது. காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால், சக்கரத்தோடு சுழலும் டிரம்மும் அதை உரசிப் பிடிக்கும் லைனரும் சூடேறிக் காய்ந்து, லைனரின் பிடி குறைகிறது. நீங்கள் முகர்ந்த வாடை அதுதான். மிதி பஞ்சானது அதற்கடுத்த கட்டம். சக்கரத்தின் வெப்பம் பிரேக் ஆயிலுக்கு ஏறி, அது கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிவிட்டால், நீங்கள் மிதிக்கும் மிதி அந்தக் குமிழை நசுக்குமே தவிர சக்கரத்தைப் பிடிக்காது.

இதில் நம் கடற்கரைக்கென்று ஒரு கேடு உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. லைனரை மாற்றிய நீங்கள் ஆயிலை மாற்றினீர்களா என்று எழுதவில்லை. ஈரக்காற்று ஓயாத நம் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியதை ஊற்றிவிட வேண்டும். ஆயில் குறைந்த அளவுக்கு மட்டும் மேலே ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. எந்த வகை என்பது ஆயில் தொட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும்.

இனி இறங்கும் முறை. "ஏறின கியரிலேயே இறங்கணும்" என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இன்றும் நல்ல தொடக்கம்தான். பின்னால் டிரெய்லர் இருக்கும்போது அதைவிட ஒரு கியர் கீழே இருந்தாலும் தவறில்லை. அந்தக் கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், ஏனெனில் வேகம் பிடித்த வண்டியில் கீழ்க்கியர் விழாமல் நியூட்ரலில் சிக்கிக்கொண்டால் எஞ்சினின் பிடியும் போய்விடும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைத்துவிடுவதும் மலையில் செய்யவே கூடாதவை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் நின்றுவிடும். கீழ்க்கியரிலும் வேகம் ஏறத்தான் செய்யும். 30 கிலோமீட்டர் ஆனதும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து 20க்குக் கொண்டுவந்து, உடனே முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி 30 ஆகும்வரை டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கிறது. லேசாக மிதித்தபடியே இறங்குவது இதமாகத் தோன்றும், ஆனால் டிரம்மை ஒரு கணமும் ஆறவிடாது.

கருகிய வாடை வந்தால் அதுவே கடைசி எச்சரிக்கை. ஒதுங்க இடம் கண்ட முதல் இடத்தில் நிறுத்தி, வண்டியைக் கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடித்துவிடக்கூடும். மிதி பழைய கெட்டித்தன்மைக்குத் திரும்பாதவரை நகராதீர்கள்.

டிரெய்லரின் மொத்த எடை பிக்கப்பின் எடையை மிஞ்சக் கூடாது என்பதையும், பிரேக் இல்லாத டிரெய்லரில் கனத்த சுமையை மலைக்கு ஏற்றக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு இழுக்கலாம் என்ற அளவு உங்கள் பிக்கப்பின் கையேட்டிலேயே குறிக்கப்படவில்லை என்றால், டிரெய்லரைக் கழற்றிவைத்துவிட்டுத் தொட்டியில் கொள்ளும் மூட்டைகளோடு இரண்டு நடையாகப் போய்வாருங்கள். டீசல் செலவு கூடும் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

டிரெய்லரில் பிரேக் இருக்கிறது. படகைக் கடலில் இறக்கி ஏற்றுவதற்கே இதுவரை பயன்படுத்தினோம். இப்போது கொடைக்கானலுக்கு ஒரு சுமை கொண்டுபோக வேண்டும். என்ன பார்க்க வேண்டும்? (வாசகர், மண்டபம்)

சக்கரங்களைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஓடிவந்த சூட்டோடு அச்சுமுனை கடல்நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பேரிங்கில் கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, பேரிங்கில் புள்ளி விழுந்திருந்தால் அதையும், நீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தையும் மாற்றுங்கள். பிரேக் டிரம்முக்குள் துரு ஏறி, கேபிள் இறுகிப்போயிருக்கும். ஒரு சக்கரம் பிடித்து மறு சக்கரம் பிடிக்காத டிரெய்லர், பிரேக்கே இல்லாத டிரெய்லரைவிட மோசமானது; அது வளைவில் வண்டியைத் திருப்பிவிடும். யூ போல்ட், வில்பட்டை, விளக்குக் கம்பிகளின் இணைப்பு ஆகியவற்றில் துருவைச் சுரண்டிப் பாருங்கள். டயரில் பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். வெயிலில் நின்றே பக்கச்சுவர் வெடித்த டயர் சமதரையில் காட்டாத குணத்தை மலையின் சூட்டில் காட்டும்.

உங்களுடையது, டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானே பிடிக்கும் வகைப் பிரேக்காக இருந்தால், எஞ்சின் பிடியில் இறங்கும் நேரம் முழுவதும் அது லேசாகப் பிடித்தபடியே இருக்கும். ஆகவே பிக்கப்பின் பிரேக் ஆறியிருந்தாலும் டிரெய்லரின் டிரம் காய்ந்திருக்கலாம். இடையிடையே நிறுத்தி, தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். இனிமேல் படகை இறக்குமுன் பேரிங் ஆறக் காத்திருந்து, ஏற்றிய பிறகு சக்கரத்துக்கு ஒரு குடம் நல்ல தண்ணீராவது ஊற்றிக் கழுவுங்கள். குடிநீருக்கே வரிசையில் நிற்கும் ஊரில் இது பெரிய கேள்விதான், ஆனால் அந்தக் குடங்களுக்கு அஞ்சினால் பேரிங் போய்விடும்.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரை எப்படித் திருப்புவது? எதிரே பேருந்து வந்தால் பின்னால் எடுக்கத் தெரியவில்லை. (வாசகர், கீழக்கரை)

டிரெய்லரின் சக்கரங்கள் பிக்கப்பின் தடத்தில் வருவதில்லை. வளைவின் உட்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். உட்பக்கம் மலையாக இருந்தால் ஓடையில் இறங்கும், பள்ளமாக இருந்தால் விளிம்புக்குப் போகும். ஆகவே பிக்கப்பை வெளிப்பக்கமாக அகலக் கொண்டுபோய்த் தாமதித்துத் திருப்ப வேண்டும். அதற்கு எதிர்த்தடம் தேவைப்படும் என்பதால் வளைவுக்கு முன்பே நின்று, ஒலி எழுப்பி, எதிரே வருவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். பிக்கப்பின் தொட்டி காலியாக இருந்தால் ஏற்ற வளைவில் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும். எனவே கனமான மூட்டைகள் முதலில் பிக்கப்புக்கு, மிச்சம் டிரெய்லருக்கு.

ஒடுங்கிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலைவிதி. நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தால் அகலமான இடத்திலேயே முன்கூட்டி நின்றுவிட்டால் பின்னால் எடுக்கும் தேவையே பெரும்பாலும் வராது. அப்படியும் எடுக்க நேர்ந்தால், ஒருவரைக் கீழே இறக்கிக் கண்ணாடியில் தெரியும்படி நிற்கவைத்து, ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் போதும். கோணல் விழுந்தால் அதை மேலும் பின்னால் தள்ளித் திருத்த முயலாமல், முன்னால் வந்து நேராக்கி மறுபடி தொடங்குங்கள். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. முதல்முறை பின்னால் எடுத்துப் பழக அவை இடமல்ல. ஊரில் ஒரு காலிப் பொட்டலில் நான்கு மாலை வேளைகள் பழகிவிட்டுப் போங்கள்.

என் மகன் டிரெய்லரில் சாமான்களோடு வேலையாட்கள் இருவரையும் உட்காரவைத்து மலைக்குக் கூட்டிப்போகிறான். மெதுவாகத்தான் போகிறேன் என்கிறான். (தாயார் ஒருவர், சாயல்குடி)

அம்மா, வேகம் இங்கே பேச்சே இல்லை. கொக்கியின் ஆணி கழன்றால் நின்ற நிலையிலிருந்தே டிரெய்லர் பின்னோக்கி ஓடும். அதனால்தான் கொக்கிக்குத் துணையாக இரண்டு சங்கிலிகளை மூக்கின் அடியில் குறுக்காக மாற்றிப் பூட்டச் சொல்கிறோம்; கொக்கி விட்டாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கும். அது சாமானைக் காப்பாற்ற உதவும், மேலே உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் பின்புறத்தில் தெரிய வேண்டும். இவை உண்டா என்றும் மகனிடம் கேளுங்கள். வேலையாட்கள் இருவரும் பேருந்தில் வரட்டும். அவர்களுடைய டிக்கெட் காசை இந்த முறை நீங்களே மகன் கையில் கொடுத்து அனுப்புங்கள்.