விமானத்தில் விட்ட பொருளைக் கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

விமான நிலையத் தரைப்பணியில் இருந்த நாட்களில், "பொருளை விட்டுவிட்டேன்" என்று வரும் கடிதங்களைப் படிப்பதும் என் வேலைதான். நீங்கள் கேட்டவற்றுக்கு அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்தபோது முன் சீட்டுப் பையில் டேப்லெட்டை விட்டுவிட்டேன். விமான நிலையத்துக்கு எழுதலாமா?

விமானத்துக்குள் விட்டதென்றால் விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். டெர்மினல் நாற்காலியில் விட்டிருந்தால் விமான நிலைய நிர்வாகம்; சென்னையில் அது இந்திய விமான நிலைய ஆணையம். பாதுகாப்புச் சோதனைத் தட்டில் விட்டிருந்தால், அந்தச் சோதனையை நடத்தும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை (சி.ஐ.எஸ்.எஃப்.). எங்கே விட்டோம் என்றே நினைவில்லையா? மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.

இன்னும் விமான நிலையத்தை விட்டுக் கிளம்பவில்லை என்றால் கடிதம் அப்புறம், முதலில் அந்த விமான நிறுவனத்தின் கவுண்டருக்கு ஓடுங்கள். அந்த விமானம் கொஞ்ச நேரத்தில் அடுத்த ஊருக்குப் பறந்துவிடும். சென்னையில் விட்ட பொருள் சிங்கப்பூரில் கிடைப்பது அதனால்தான். இரண்டு ஊர்களிலும் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். போதுமா?

அது மகள் பிறந்தநாளுக்கு வாங்கியது என்பதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், சீட் எண்ணைக் காணோம்! படிப்பவர் அலமாரியில் இருக்கும் இருபது டேப்லெட்டில் உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இப்படி எழுதுங்கள்:

*பொருள்: விமானத்தில் விட்டுச் சென்ற டேப்லெட்டைத் திரும்பப் பெறுதல்*

*ஐயா / அம்மையீர்,*

*ஜூன் 12 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த உங்கள் விமானத்தில் 23ஏ இருக்கையில் பயணம் செய்தேன். விமான எண்ணும் பி.என்.ஆர். எண்ணும் கீழே உள்ளன. இறங்கும்போது முன் சீட்டுப் பையில் நீல உறை போட்ட 10 அங்குல டேப்லெட்டை விட்டுவிட்டேன். அதன் வரிசை எண்ணையும் பில் நகலையும் இணைத்துள்ளேன். உறைக்குள் ஓர் அடையாளம் உண்டு, கேட்கும்போது தெரிவிக்கிறேன். தேடிப் பார்த்து முடிவை எழுத்தில் தெரிவிக்கவும், இந்தக் கோரிக்கைக்கு ஒரு பதிவு எண் தரவும் வேண்டுகிறேன்.*

*இப்படிக்கு,*
*(பெயர், கைப்பேசி எண், முகவரி)*

அந்த ஓர் அடையாளத்தை மட்டும் கடிதத்தில் எழுதாமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பொருள் உங்களுடையதுதான் என்பதற்கு அதுவே சாட்சி. நடுவில் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் போர்டிங் பாஸில் உள்ள எண்ணோடு உண்மையில் உட்கார்ந்த சீட்டையும் எழுதுங்கள். இதை மறந்தவர்கள்தான் அதிகம்.

கேள்வி: நஷ்ட ஈடும் கேட்டுவிடலாமா?

முதல் கடிதத்தில் வேண்டாம் தம்பி. சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்தும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, கையோடு எடுத்துச் சென்ற பொருளுக்கு நிறுவனத்தின் தவறு இருந்தால்தான் அது பொறுப்பு. நாமே மறந்து இறங்கியதை அவர்கள் தவறு என்று நிறுவுவது கஷ்டம். புகார் கொடுக்க 7 நாள், 21 நாள் கெடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கெடு செக்-இன் பெட்டி சேதமானாலோ தாமதமானாலோதான், இதற்கில்லை.

கேள்வி: விட்டது ஃபோன் என்றால்?

முதலில் சிம்மை முடக்குங்கள். கடிதத்தில் ஃபோனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறிப்பிடுங்கள், ஃபோன் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும். கிடைக்காது என்று தெரிந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஃபோனையே முடக்கலாம்.

கேள்வி: தமிழிலேயே அனுப்பலாமா?

தாராளமாக. ஆனால் அதைப் படிப்பவர் டெல்லியிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்திருக்கலாம். ஆங்கிலப் படி ஒன்றும் சேர்த்து அனுப்பினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கேள்வி: பொருள் கிடைத்துவிட்டதாம்! நான் ஊரில் இல்லை, என் தம்பி போய் வாங்கலாமா அக்கா?

பொதுவாக வாங்கலாம். அவரிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். அதில் இருக்க வேண்டியவை: தம்பி பெயர், பதிவு எண், "இவரிடம் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்ற வரி, உங்கள் கையெழுத்து. கூடவே இருவரின் அடையாள அட்டை நகல். அப்புறம், உறைக்குள் இருக்கும் அடையாளத்தை மறக்காமல் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.