அரச மதம் இருந்தாலே மத ஆட்சியா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'தியோக்ரசி' என்பதை ஒரு புத்தகம் இறையாட்சி என்கிறது, இன்னொன்று மதகுருமார் ஆட்சி என்கிறது. எது சரி? அரசமைப்பில் ஒரு மதத்தின் பெயர் இருந்தாலே அந்த நாட்டை இதில் சேர்த்துவிடலாமா?

பதில்: இரண்டு பெயரும் சரிதான். முதலாவது கொள்கையைச் சொல்கிறது, இரண்டாவது நடப்பைச் சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், தம் மக்களின் ஆட்சிமுறையைக் கிரேக்க மொழியில் விளக்கும்போது கையாண்ட சொல் இது. மற்றவர்கள் ஆட்சியை மன்னரிடமோ, சிலரிடமோ, மக்களிடமோ கொடுத்தார்கள். யூதர்களுக்குச் சட்டம் தந்த மோசே அதைக் கடவுளிடமே ஒப்படைத்தார் என்றார் ஜோசிபஸ். சரி, கடவுள் வந்து கோப்பில் கையெழுத்துப் போடுவதில்லையே! 'இதுதான் இறைவன் சித்தம்' என்று யாராவது சொல்லியாக வேண்டும். குருமார் உள்ளே வருவது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், கூடாது. அரசமைப்பின் முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள். கடைசி வார்த்தை யாருடையது என்று பாருங்கள். பிரிட்டனில் இங்கிலாந்துத் திருச்சபைக்கு மன்னர்தான் தலைவர், மேலவையில் 26 ஆயர்களுக்கு (பிஷப்புகளுக்கு) இடமும் உண்டு. ஆனாலும் மக்களவை உறுதியாக நிறைவேற்ற நினைக்கும் சட்டத்தை அவர்களால் தடுத்துவிட முடியாது. அது மத ஆட்சி இல்லை.

ஈரானைப் பாருங்கள். அங்கே தேர்தல் நடக்கிறது, அதிபர் இருக்கிறார், நாடாளுமன்றமும் இருக்கிறது. ஆனால் 1979 புரட்சிக்குப் பிறகு வந்த அரசமைப்பின்படி எந்த மசோதாவும் 12 பேர் கொண்ட காவலர் மன்றத்தைத் தாண்டியாக வேண்டும். அதில் 6 பேர், நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருக்கும் மதகுருவான உச்சத் தலைவர் நியமிக்கும் மதச் சட்ட அறிஞர்கள். மசோதா இஸ்லாத்துக்கு ஒத்ததா என்று தீர்மானிப்பது இந்த ஆறு பேர் மட்டும்தான். மற்ற 6 சட்ட வல்லுநர்களை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் பட்டியல் தருபவர் நீதித்துறைத் தலைவர், அவரை நியமிப்பவர் உச்சத் தலைவர். அப்புறம், அந்த உச்சத் தலைவரைத் தேர்வு செய்வது 88 பேர் கொண்ட நிபுணர் பேரவை. அந்தப் பேரவைக்கு யார் போட்டியிடலாம் என்று வடிகட்டுவது? அதே காவலர் மன்றம். சுற்றிச் சுற்றி ஒரே வாசலுக்கே வந்து சேருகிறது. வாக்குச்சீட்டு இருப்பதால் மட்டும் இதை மக்களாட்சிக் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

வாத்திகன் இதைவிட எளிது. சுமார் 44 ஹெக்டேர் நாட்டில் சட்டம், நிர்வாகம், நீதி மூன்றும் போப்பாண்டவர் கையில்.

குழப்பம் சவூதி அரேபியாவில்தான். 1992 அடிப்படைச் சட்டம் குர்ஆனையும் நபிவழியையுமே அரசமைப்பு என்கிறது. ஆனால் ஆள்வது ஓர் அரச குடும்பம். உலமாக்கள் எனப்படும் மத அறிஞர்கள் ஆலோசகர்களாகவும் நீதிபதிகளாகவும் இருக்கிறார்கள். சில வழிகாட்டி நூல்கள் அதையும் மத ஆட்சிப் பட்டியலில் சேர்க்கின்றன. என்னைக் கேட்டால், மதச் சட்டத்தை ஏற்ற முடியாட்சி என்பதே பொருத்தம். விடைத்தாளில் உதாரணம் கேட்டால் ஈரானையும் வாத்திகனையும் எழுதுங்கள்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே உள்ள சிறிய நாடான அன்டோராவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஓர் ஆயரும் பிரான்ஸ் அதிபரும் அங்கே கூட்டாக நாட்டுத் தலைவர்கள். ஆனால் 1993 அரசமைப்புக்குப் பிறகு ஆட்சி நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமும் அதன் அரசும்தான்.