ஹெரால்டின் கியர் ராடு ஆடுகிறதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா வைத்திருந்த 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இப்போது நான் ஓட்டுகிறேன். கியர் ராடு குழம்புக்குள் விட்ட கரண்டி மாதிரி எல்லாப் பக்கமும் சுற்றுகிறது. டாப் கியரில் போகும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது, குமிழைக் கையால் பிடித்தால் நின்றுவிடுகிறது. வண்டி உருளும்போது ஒன்றாவது கியர் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. மாதம் ஒருமுறையாவது மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருக்கிறது. மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். இறக்கத்தான் வேண்டுமா ஐயா?"

இப்போதைக்கு இறக்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், குறை கியர் பாக்ஸுக்கு வெளியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குமிழைப் பிடித்ததும் சத்தம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி விடை. பல்சக்கரமோ பேரிங்கோ போட்ட சத்தம் குமிழைப் பிடித்ததும் அப்படி அடங்கிவிடாது.

முதலில் அந்த ஒன்றாவது கியர் விஷயத்தை முடித்துவிடலாம். இந்தக் காரின் கியர் பாக்ஸில் ஒன்றாவது கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தி அரைக்காமல் சேர்க்கும் அமைப்பு, கிடையாது. வண்டி உருளும்போது போட்டால் அரைக்கத்தான் செய்யும். நன்றாக நிறுத்திவிட்டுப் போடுங்கள். அது கோளாறு அல்ல.

இனி ராடு. ஹெரால்டில் கியர் ராடு நேராக கியர் பாக்ஸுக்குள் போவதில்லை. பாக்ஸுக்குப் பின்னால் ஒரு கூடு நீண்டு வருகிறது. அந்தக் கூட்டின் பின்முனையில்தான் ராடு உட்கார்ந்திருக்கிறது. ராடின் அடிமுனை ஒரு தண்டை அசைக்கும், அந்தத் தண்டு இன்னொரு தண்டை அசைக்கும், அதுதான் உள்ளே போய் கியரை மாற்றும். ஓட்டுநருக்கு வாகாக ராடைப் பின்னுக்குக் கொண்டுவரச் செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ், அதாவது போல்ட் ஓடும் சின்ன வளையம், இருக்கிறது, ஒவ்வொரு புஷ்ஷும் தேயும். கீழே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே மேலே குமிழில் பல மடங்கு ஆட்டமாகத் தெரியும். மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தால், நீங்கள் சொல்லும் குழம்புக் கரண்டிதான்.

பல வருடம் முன்பு இதே குறையோடு வந்த ஒரு ஹெரால்டுக்கு நான் கியர் பாக்ஸை இறக்கியிருக்கிறேன். இரண்டு நாள் வேலை. உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. திரும்ப ஏற்றிக் குமிழைத் தொட்டால் அதே ஆட்டம். கடைசியில் ராடின் அடியில் இருந்த ஒரு புஷ்ஷை எடுத்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை கோழிமுட்டை மாதிரி நீண்டுபோயிருந்தது. அதற்குள் ஓடிய போல்ட்டை நகத்தால் வருடினால் நடுவில் ஒரு படி தட்டியது. அந்த வண்டிக்காரர் இரண்டு நாள் கூலி கொடுத்தது வீண். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். குமிழைக் கழற்றி, கம்பளத்தை விலக்கினால், இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே உயர்ந்திருக்கும் டன்னல் கவர் தெரியும். அதன் திருகுகளுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். நம் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் அவை இறுகிப்போயிருக்கும், அவசரப்பட்டால் தலை உடையும். ஸ்பேனர் அங்குல அளவில் வேண்டும். 7/16, 1/2 இரண்டும் இருந்தால் பெரும்பாலும் போதும். 1/2 அங்குலத் தலைக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு மழுக்கிவிடாதீர்கள்.

கவரை எடுத்த பிறகு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ராடைப் பிடித்து முன்னும் பின்னும், அப்புறம் இடமும் வலமும் மெதுவாக அசைக்கட்டும். நீங்கள் டார்ச்சோடு குனிந்து மூட்டுகளைப் பாருங்கள். எந்த மூட்டில் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் சும்மா நிற்கிறதோ, அங்கேதான் ஆட்டம். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மூட்டின் மேல் விரலை வையுங்கள். விரலுக்குத் தெரிந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ராடு உட்காரும் உருண்டையும் அதை அழுத்தி வைக்கும் ஸ்பிரிங்கும் ஒன்று. உங்கள் 'கிர்ர்' சத்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ஸ்பிரிங்கைத்தான். தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள், கிடைக்கும்வரை அடியில் ஒரு மெல்லிய வாஷர் வைக்கலாம். இரண்டு வாஷர் வைத்தால் கியர் போடக் கை வலிக்கும். அடுத்தது ராடின் அடிமுனை தண்டோடு சேரும் போல்ட்டும் புஷ்ஷும். மூன்றாவது, முன்னால் இரண்டு தண்டும் சேரும் மூட்டு. கை எட்டாத இடம் என்பதால் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், பின்னால் புதுசு போட்டும் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும். திறந்தது திறந்தாயிற்று, மூன்றையும் ஒரே தடவையில் செய்துவிடுங்கள். கழற்றும் முன், தவறி ரிவர்ஸ் விழாமல் தடுக்கும் போல்ட் எந்த அளவில் நிற்கிறது என்று பெயிண்டால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

உருண்டையும் புஷ்ஷும் நன்றாக இருந்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போது மட்டும் ராடு முழுசாக முன்னும் பின்னும் போனால், கியர் பாக்ஸைத் தாங்கும் பின்பக்க மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள்.

உங்கள் காரின் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டுக்கு புஷ் கிட் வெளிநாட்டில் இன்றும் விற்கிறது. காத்திருக்க முடியாதென்றால் கோவையில் ஏதாவது லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். அங்கே ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். கையில் இருக்கும் நைலான் துண்டில் கடைந்து தருகிறேன் என்பார்கள். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதும். கோவையில் சரியாக உட்கார்ந்த புஷ், கோத்தகிரி மூடுபனியில் சில வாரத்தில் இறுகி ராடைப் பிடித்துக்கொள்ளும். டெல்ரின் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கைக் கேளுங்கள், அது ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. டெஃப்லான் வேண்டாம், அழுத்தத்தில் நசுங்கிவிடும். பித்தளையும் வேண்டாம், இன்ஜினின் அதிர்வை அப்படியே குமிழுக்குக் கொண்டுவரும். ரப்பர் இருந்த இடத்தில் ரப்பரே போடுங்கள். பழைய புஷ்ஷோடு போல்ட்டையும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தேய்ந்த துளையை அளந்து புதிது கடைந்தால் புதிதும் ஆடும். போல்ட்டில் படி விழுந்திருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும்.

பூட்டும்போது பிளாஸ்டிக் புஷ்ஷுக்குக் கொஞ்சம் கிரீஸ் போதும். ரப்பரில் சாதா கிரீஸ் படவே கூடாது, ஊறிப்போகும். சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். நைலாக் நட்டு (அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு) போட்டு, ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கவர் திறந்திருக்கும்போதே கியர் ஆயிலையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் ஊற்றும் துளையின் விளிம்புவரை இருக்க வேண்டும். வாங்கும்போது ஜிஎல்-4 என்ற தரக்குறி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஜிஎல்-5 ஆயில்களில் பலவும் உள்ளே இருக்கும் வெண்கலப் பாகங்களுக்கு ஆகாது.

இதற்கெல்லாம் மேலாக ஒன்றைக் கேட்க வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதா? நீங்கள் எழுதவில்லை. ராடு ஆடுவது வேறு, கியர் நழுவுவது வேறு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 5,000 அடி இறங்குகிறீர்கள். உங்கள் காரில் இருப்பது டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடி விட்டுப்போகும். அங்கே உங்களைத் தாங்குவது இரண்டாவது கியரும் இன்ஜினும்தான். கொண்டை ஊசி வளைவில் அது நழுவினால், இந்த லூஸ் ராடை வைத்துக்கொண்டு திரும்பத் தேடிப் பிடிப்பதற்குள் வண்டி வேகமெடுத்துவிடும். அதனால் புஷ் வேலை முடியும்வரை தயவுசெய்து பஸ்ஸில் போய்வாருங்கள்.

வேலை முடிந்ததும் ஊருக்குள்ளேயே வண்டி நடமாட்டம் இல்லாத சின்ன இறக்கமாகப் பார்த்து, இரண்டிலும் மூன்றிலும் காலை எடுத்துப் பாருங்கள். ராடு முழுத் தூரம் போகாததால் கியர் அரைகுறையாக விழுந்து நழுவியிருந்தால், புதுப் புஷ்ஷோடு அது நின்றுவிடும். அப்படியும் நழுவினால் உள்ளே கியரைப் பூட்டிப் பிடிக்கும் ஸ்பிரிங்கோ, கியரைத் தண்டோடு இணைக்கும் ஹப்போ தேய்ந்திருக்கலாம். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னபடி பாக்ஸை இறக்கலாம். எந்த கியரில் நழுவுகிறது என்று மட்டும் குறித்து அவரிடம் சொல்லிவிடுங்கள், எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.