அதிபரின் கையில் இருந்தது எது?

(தென்னாப்பிரிக்கா, 2024 மே, பொதுத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு)

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். தேர்தல் பேச்சு வந்து சண்டையில் முடிந்தது. “மார்ச் கடைசியிலிருந்து கரண்ட் போகவே இல்லை, எல்லாம் ஓட்டுக்காக. மே 29 தேர்தல் முடியட்டும், மறுபடி லோட் ஷெடிங்தான்” என்றார் மச்சான். “அதிபர் ராமபோசா ஆறு வருஷமாக எதுவுமே செய்யவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட்டில் மாதக் கணக்கில் தண்ணீர் இல்லாமல் கிடந்தோமே” என்றேன் நான். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “1994க்கு முன்னால் நாம் இருந்த இருப்பு தெரியாமல் பேசாதே” என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். ஒரு அதிபரின் உள்நாட்டு ஆட்சியைப் பற்றி நியாயமாக வாதாட வேண்டுமென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

கோ., டொங்காட் (டர்பன் அருகே)

அன்புள்ள கோ.,

மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மச்சான் சொல்வதைத்தான் இப்போது டர்பன் முழுக்கச் சொல்கிறார்கள்.

தேர்தல் தந்திரம் என்பதை நான் ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் புகைபோக்கிக் குழாய் இடிந்ததால் குசிலே அனல்மின் நிலையத்தில் மூன்று யூனிட்டுகள் முடங்கின. போன ஆண்டு செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வீட்டுக் கூரைகளிலும் கடை, தொழிற்சாலைக் கூரைகளிலும் ஏறிய சோலார் 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. டீசலை எரித்துத்தான் சமாளிக்கிறார்கள் என்றால் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் டீசல் செலவு ஏறியிருக்க வேண்டும். அது போன ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது. ஆக, வெளிச்சம் வந்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவை தேர்தல் தேதி குறிப்பதற்கு முன்பே தொடங்கியவை.

ஆனால் மச்சான் கேட்க வேண்டிய கேள்வி வேறு, அது இன்னும் கடுமையானது. ஏன் இவ்வளவு தாமதம்? எஸ்காமைச் சீராக்கும் பொறுப்பை ராமபோசாவிடம் ஒப்படைத்தது 2014 டிசம்பரில், அவர் துணை அதிபராக இருந்தபோது. அடுத்த ஆண்டே, 18 மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் மின்வெட்டு என்ற ஒன்று இருந்ததையே மறந்துவிடுவீர்கள் என்று சொன்னார். 2018 பிப்ரவரியில் அதிபரானார். உரிமம் இல்லாமல் தனியார் மின்சாரம் தயாரிப்பதற்கான உச்சவரம்பு அப்போது ஒரே ஒரு மெகாவாட். அதை 100 ஆக்கினால் சுரங்கங்களும் ஆலைகளும் தாங்களே போட்டுக்கொள்ளும் என்று தொழில்துறை கெஞ்சிக்கொண்டிருந்தது. அவருடைய எரிசக்தி அமைச்சர் மண்டாஷே 10 போதும் என்று நின்றார். 100 என்ற அறிவிப்பு வந்தது 2021 ஜூனில். வரம்பே வேண்டாம் என்ற நிலை 2023 தொடக்கத்தில்தான். அந்த 2023தான் இந்த நாடு கண்ட மிக மோசமான மின்வெட்டு ஆண்டு. புதிய அணை கட்ட வேண்டியதில்லை, கடன் வாங்க வேண்டியதில்லை, ஒரு விதியை மாற்றினால் போதும் என்ற வேலைக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. சீர்திருத்தம் செய்தவரும் அவர்தான், தாமதித்தவரும் அவர்தான். இரண்டும் ஒரே கணக்கில் வர வேண்டும்.

தேர்தலுக்காகச் செய்தது என்று ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால், தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதாவை மச்சான் காட்டட்டும். டிசம்பரிலேயே நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. ஐந்து மாதம் மேசையில் கிடந்து, போன புதன்கிழமை, மே 15 அன்று, வாக்குப்பதிவுக்குச் சரியாக இரண்டு வாரம் இருக்கும்போது கையெழுத்தானது. பணம் எங்கிருந்து வரும் என்பது இன்னும் முடிவாகவில்லை. நல்ல எண்ணமாகவே இருக்கட்டும், அதை ஆட்சியின் சாதனைப் பட்டியலில் இப்போதே சேர்க்க முடியாது.

அடுத்தது தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட்டில் என் அத்தை வீட்டு அடுக்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னல் ஓரமாக ஐந்து லிட்டர் பாட்டில்கள் வரிசையாக நிற்கும், பாத்திரம் அலசிய தண்ணீர் வாளியில் சேர்ந்து கழிப்பறைக்குப் போகும். டேங்கர் சத்தம் கேட்டால் தெருவே ஓடும். உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தம்பி, வெள்ளத்தில் பழுதான அந்தக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் டர்பன் பகுதியை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியுடையது. அதைப் பழுதுபார்ப்பதும், பூமிக்கடியில் ஒழுகி வீணாகும் தண்ணீரைத் தடுப்பதும் அவர்கள் வேலை. கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தது 2021 நவம்பரில். இந்த மே 29இல் அவர்கள் ஒருவரும் ஓட்டுச் சீட்டில் இல்லை. அவர்களும் ராமபோசாவின் அதே ஏ.என்.சி. கட்சிதானே என்பீர்கள். சரி, கட்சியின் மேல் அந்தக் கோபத்தை வையுங்கள், அது நியாயம். ராமபோசாவின் ஆறு வருடத்தை எடைபோடும்போது அவர் கையில் இல்லாததையும் சேர்த்து வைத்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

அவர் கையில் இருந்தது எது என்று கேட்டால் நான் 2021 ஜூலையைச் சொல்வேன். உங்கள் வீட்டுச் சண்டையில் அதை யாருமே எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜூலை 7 இரவு முன்னாள் அதிபர் சூமா சிறைக்குப் போனார். சில நாட்களில் நம் குவாசுலு நட்டால் மாகாணம் கலவரத்தில் எரிந்தது. எங்கள் தெரு முனையில் டயரும் பழைய ஃபிரிட்ஜும் போட்டு வழியை அடைத்து ஆண்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். காவல்துறைக்கு ஃபோன் போட்டால் எடுக்க ஆளில்லை. ஜூலை 12 அன்று முதலில் அனுப்புவதாகச் சொன்னது 2,500 ராணுவத்தினரை. அது போதாது என்று தெரிந்து 25,000 ஆக உயர்த்தியபோது கடைகளும் கிடங்குகளும் சாம்பலாகியிருந்தன. இறந்தவர்கள் 350க்கும் மேல். நம் இந்திய வம்சாவளியினர் வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நம் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது நம் பயத்தோடு நிறுத்திவிடுகிறோம். காவலும் ராணுவமும் வராத அந்த நாட்களில் பக்கத்து ஊர்க்காரர்களின் பிள்ளைகள் நம் தெருக்களில் செத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசு தன் இடத்தில் இல்லாமல் போனதற்கு இரண்டு பக்கமும் விலை கொடுத்தது.

முப்படைத் தளபதி அதிபர்தான். பாதுகாப்பு, காவல், உளவு அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் அவர் மட்டுமே. அவரே அமைத்த நிபுணர் குழு, 2022 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில், மொத்தப் பொறுப்பை அமைச்சரவை ஏற்க வேண்டும் என்றது. என்ன நடந்தது? பாதுகாப்பு அமைச்சர் மபிசா-என்காகுலாவை 2021 ஆகஸ்டிலேயே நீக்கியிருந்தார், அதே மாதம் அவரை ஆளும் கட்சி சபாநாயகர் ஆக்கியது. உளவுத் துறை அமைச்சரும் அப்போதே வேறு துறைக்கு மாறினார். காவல்துறை அமைச்சர் பேகி செலே இந்த 2024 மே வரை அதே நாற்காலியில் இருந்தார். அந்தச் சபாநாயகர் போன மாதம் லஞ்ச வழக்கில் பதவி விலகி நீதிமன்றத்தில் நின்றார். குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார், தீர்ப்பு வரட்டும். ஆனால் அத்தனை உயிர் போன பிறகு யார் பதில் சொன்னார்கள் என்ற கேள்விக்கு அதிபர் ஒருவர்தான் பதில் தர முடியும். அதை நகராட்சி மேலும் போட முடியாது, சூமா காலத்தின் மேலும் போட முடியாது.

வேலையின்மை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எண்ணே சொல்லும். அவர் பதவிக்கு வந்த காலாண்டில் 26.7 சதவீதம், போன வாரம் வெளியானது 32.9. நடுவில் கோவிட் வந்தது உண்மை. வேலையில் இருப்பவர் தொகை கோவிட்டுக்கு முன்பிருந்த அளவைத் தாண்டிவிட்டதும் உண்மை. புதிதாக வேலை தேடி வரும் இளைஞர்கள் அதைவிட வேகமாக வருகிறார்கள். எதுவுமே செய்யவில்லை என்றீர்களே, வேலை இல்லாதவருக்கு மாதம் 350 ராண்ட் என்று 2020இல் தொடங்கிய உதவித்தொகை 2021 ஏப்ரலோடு நின்றாலும், அந்த ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆகஸ்டில் அதை அவர் மறுபடி கொண்டுவந்தார். எத்தனையோ வீடுகளில் ரொட்டியும் மீலி (மக்காச்சோள) மாவும் வாங்குவது அந்தப் பணத்தில்தான். 2024 ஏப்ரலில் 370 ஆனது. ஒரு ஆள் வயிறு நிறைய மாதம் 760 ராண்டாவது வேண்டும் என்று அரசின் புள்ளியியல் துறையே போன ஆண்டு கணக்குச் சொன்னது. பாதிகூட வரவில்லை.

மாமாவைப் பற்றி. நிறவெறி ஆட்சி டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்தெடுத்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய்ப் போட்ட தலைமுறை அது. அவர் ஓட்டுப் போடுவது அந்த நினைவுக்காக என்றால் அதைக் குறைத்துப் பேச உங்களுக்கோ எனக்கோ உரிமை கிடையாது. ராமபோசாவுக்கும் அந்தக் கதையில் இடம் உண்டு. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர், 1996 அரசியல் சட்டத்தை எழுதிய சபையின் தலைவர். தமிழையும் பெயர் சொல்லி மதிக்கச் சொல்லும் சட்டம் அது. இதையெல்லாம் மாமாவிடம் முதலில் நீங்களே சொல்லுங்கள். பிறகு, 2018லிருந்து நடந்ததைப் பற்றி மட்டும் பேசுவோமா மாமா என்று கேளுங்கள். பேசுவார்.

இன்னொன்று. நம் ஊரில் அதிபருக்கென்று ஓட்டுச் சீட்டு கிடையாது. இந்த முறை மூன்று சீட்டு தருவார்கள்: இரண்டு தேசிய நாடாளுமன்றத்துக்கு, ஒன்று மாகாண சபைக்கு. நாடாளுமன்றம் கூடித்தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கும். அதனால் ராமபோசா நல்லவரா இல்லையா என்பதோடு உங்கள் சண்டை நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கட்சியின் வேட்பாளர் பட்டியலையும் தேர்தல் ஆணையம் வெளியிட்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு மச்சானும் நீங்களும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரும் 2021 ஜூலையில் எந்தப் பதவியில் இருந்தது என்று பாருங்கள். மாமாவையும் கூட உட்கார வையுங்கள், அந்தப் பெயர்களில் பாதி அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
அக்கா