முதலில் உட்காரும் விதம், அப்புறம் சக்கரம்: டிரையத்லான் சைக்கிள் கேள்வி-பதில்

அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானின் நெடுந்தூர வடிவம்) வீரர்கள் சீட்டின் நுனியில், கிட்டத்தட்ட பெடலுக்கு நேர் மேலே உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். என் ரோடு பைக்கிலும் சீட்டை முன்னால் தள்ளிவிட்டால் போதுமா?

போதாது. சீட்டை மட்டும் தள்ளினால் பெரும்பாலும் நிலைமை மோசமாகும்.

ரோடு பைக்கில் சீட் டியூபின் (சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாயின்) கோணம் ஏறத்தாழ 73 டிகிரி. டிரையத்லான் பைக்கில் சீட் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டால் அது 78, 80 என்று வரும். காரணம் இடுப்பு. முழங்கையை ஏரோபாரில் (கைப்பிடியிலிருந்து முன்னால் நீளும் கம்பிகளில்) ஊன்றி முதுகைத் தாழ்த்தினால், பெடல் மேலே வரும்போதெல்லாம் தொடை வயிற்றில் இடிக்கப் பார்க்கும். மொத்த உடம்பையும் பெடல் அச்சை (கிராங்குகள் சுழலும் நடு அச்சை) மையமாக வைத்து முன்பக்கம் சுழற்றிவிட்டால், முதுகும் தாழும், இடுப்பும் நெருக்கப்படாது. தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் சைக்கிள் டைம் டிரையலில் சீட் நுனி பெடல் அச்சுக்கு 5 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும் என்று சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐ நெடுங்காலம் விதி வைத்திருந்தது. டிரையத்லானில் அந்தக் கெடுபிடி இல்லாததால்தான் இந்த உட்காரும் முறை இங்கே வேரூன்றியது.

சுழற்ற வேண்டும் என்றேன், கவனியுங்கள். சீட் முன்னால் போகும்போது பெடலுக்கும் நெருங்கிவிடும், அதனால் கொஞ்சம் உயர்த்த வேண்டும். கைப்பிடியும் நெருங்கிவிடும், அதனால் ஏரோபாரை முன்னால் நீட்ட வேண்டும். ரோடு பைக் ஃபிரேமில் இதற்கெல்லாம் ஓரளவுக்குத்தான் இடம் உண்டு. அதை மீறித் தள்ளினால் உடம்பு எடை முன்சக்கரத்தில் குவிந்து, இறக்கத்தில் வளைவு வரும்போது வண்டி நடுங்கும்.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: டிரெய்னரில் (வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கியில்) வண்டியை மாட்டி, பக்கவாட்டில் ஃபோனை வைத்து அரை மணி நேரம் வீடியோ எடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தைப் பார்க்காதீர்கள், அதில் எல்லாரும் அழகாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். இடுப்பு மெல்லப் பின்னால் நகர்வதும், ஒரு குலுக்கில் மறுபடி முன்னால் வருவதும் திரும்பத் திரும்பத் தெரிந்தால், சீட்டின் இடமோ வடிவமோ உங்களுக்கு ஒத்துவரவில்லை. புரொஃபஷனல்களில் பலர் மூக்கு பிளந்த அல்லது மூக்கே இல்லாத சீட்டுக்கு மாறியது இதனால்தான். முன்னால் சாய்ந்து உட்காரும்போது மென்மையான இடத்தில் அழுத்தம் விழுந்து மரத்துப்போகும். அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் எந்த வீரமும் இல்லை.

ஏரோபாரை மேல்நோக்கிச் சாய்த்து, கைகளை முகத்துக்கு முன்னால் வைக்கிறார்களே, தாழ்வாக இருந்தால்தானே காற்று குறையும்?

அப்படித்தான் முன்பு எல்லாரும் நினைத்தார்கள். 1987 வாக்கில் பூன் லெனன் என்ற பனிச்சறுக்குப் பயிற்சியாளர், சறுக்குபவர்கள் குனியும் பாணியில் ஏரோபாரை வடிவமைத்தார். டிரையத்லான் வீரர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். 1989 டூர் டி ஃபிரான்ஸின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் அதைப் பயன்படுத்தி, வெறும் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்ற பிறகுதான் சைக்கிள் உலகம் விழித்தது.

காற்றுத் தடையில் பெரும்பங்கு சைக்கிளுடையது அல்ல, ஓட்டுபவரின் உடம்புடையது. கைகளை உயர்த்தினால் நெஞ்சுக்கு நேராக வரும் காற்று கையைச் சுற்றி விலகும், தலையும் தோள்களுக்கு இடையே இறங்கி ஒளிந்துகொள்ளும். ஆனால் இது ஆளுக்கு ஆள் மாறும். காற்றுச் சுரங்கத்தில் (காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடத்தில்) ஒருவருக்குப் பலன் தந்த கோணம் அடுத்தவருக்கு நஷ்டமாகலாம். சாய்வில் இன்னொரு நல்லது உண்டு: முழங்கை அதைத் தாங்கும் பட்டையை விட்டு முன்னால் வழுக்காது, தோள் தளர்ந்து கிடக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வசதியே போதுமான காரணம்.

கிராங்கை (பெடலை நடு அச்சோடு இணைக்கும் கையை) 172.5 மி.மீ.யிலிருந்து 165க்குக் குறைத்தால் சக்தி போய்விடாதா?

போகாது. 120 முதல் 220 மி.மீ. வரையிலான கிராங்குகளை முழுவேகத்தில் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் இரண்டு ஓரங்களில்தான் திறன் சற்றுக் குறைந்தது. 145க்கும் 170க்கும் இடையே சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பெடல் மேலே வரும்போது முழங்கால் அவ்வளவு உயராது என்பதுதான் லாபம். மாற்றினால் சீட்டையும் 7.5 மி.மீ. உயர்த்த மறக்காதீர்கள்.

பின்சக்கரம் கம்பிகள் இல்லாமல் முழுத் தட்டாக இருப்பது வேகம் என்றால், அயர்ன்மேன் உலகப் போட்டி நடக்கும் ஹவாய் கோனாவில் ஏன் யாரும் போடுவதில்லை?

அங்கே தடை. எரிமலைப் பாறைவெளியில் பக்கவாட்டுக் காற்று பலமாக வீசும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 2022இல் சாம் லெய்ட்லோ என்ற வீரர் அந்தத் தட்டு இல்லாமலேயே அங்கே 180 கி.மீ. சைக்கிள் பகுதியை 4:04:36இல் முடித்து, அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். சராசரி மணிக்கு 44 கி.மீ.! பந்தயத்தை வென்றது ஓட்டத்தில் அவரைத் தாண்டிய குஸ்டாவ் ஈடன்.

மற்ற இடங்களில் பின்சக்கரத் தட்டு பொதுவாகப் பயம் தருவதில்லை. காற்றில் ஆளைத் தள்ளுவது ஸ்டியரிங்கோடு திரும்பும் முன்சக்கரம்தான். புதிதாக ஓட்டுபவர்கள் முன்னால் விளிம்பு ஆழம் குறைந்த சக்கரத்தையே போடுங்கள்.

ஒலிம்பிக்கில் மட்டும் ஏன் சாதாரண ரோடு பைக்?

அங்கே 40 கி.மீ. சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டலாம். கூட்டத்துக்குள் பிரேக்கை விட்டுக் கையெடுத்துக் குனிவது ஆபத்து, அதனால் வளைந்த டிராப் ஹேண்டில்பார் கட்டாயம்.

ஷூவைப் பெடலிலேயே மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது எதற்கு?

வண்டியை வெறுங்காலோடு தள்ளிக்கொண்டு ஓடும்போது ஷூ தொங்கித் தரையில் தட்டாமல் பேண்ட் கிடையாகப் பிடித்திருக்கும். ஏறி மிதித்ததும் அறுந்துவிடும். குறுகிய பந்தயத்தில் முன்கூட்டம் நழுவாமல் இருக்க இது உயிர்நாடி. நெடுந்தூரத்தில், அதுவும் பழக்கமில்லாதவருக்கு, ஷூவை நின்று போட்டுக்கொள்வதே மேல்.

டயர் காற்றை எவ்வளவு இறுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. 23 மி.மீ. டயரில் 110 பிஎஸ்ஐ அடித்த காலம் போய்விட்டது. இன்று பலர் 28 மி.மீ. டியூப்லெஸ் டயரில் அதைவிட நன்றாகக் குறைத்தே ஓட்டுகிறார்கள். கல்லுக்கும் குழிக்கும் வண்டி துள்ளினால் அந்தத் துள்ளலுக்கு உங்கள் கால்தான் சக்தி கொடுக்கிறது. சரியான எண் உங்கள் எடையையும் விளிம்பின் அகலத்தையும் பொறுத்தது. டியூப்லெஸ் என்றால் விளிம்பில் எழுதியுள்ள உச்சவரம்பைத் தாண்டவே கூடாது.

விமானத்தில் பைக்கைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனால் அளவெல்லாம் மாறிவிடுகிறது. என்ன செய்வது?

கழற்றும் முன் சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சீட்டின் தண்டவாளக் கம்பியில் கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்கும், ஏரோபார் நீளத்துக்கும் பெயிண்ட் பேனாவால் கோடு போடுங்கள். பெடல் அச்சிலிருந்து சீட் உயரம், சீட் நுனியிலிருந்து முழங்கைப் பட்டை வரை உள்ள தூரம், இந்த இரண்டு அளவையும் ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு அளவு டேப்பைக் கொண்டு ஒருமுறை அளந்துவிட்டு, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனரால்) இறுக்கி, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, மறுபடியும் அளந்துவிடுங்கள். கார்பன் சீட் போஸ்ட் என்றால் பிடிமானப் பசை தடவ மறக்காதீர்கள், அது இல்லாமல் 90 கி.மீ. போவதற்குள் அரை அங்குலம் இறங்கியவர்கள் உண்டு.