டிஷ்யூ பேப்பரில் ஒட்டிய சிவப்பு

வணக்கம் ஐயா,
மரக்காணம் பக்கம் ஈசிஆர் சாலையோரத்தில் ஐந்து கிலோ தர்பூசணி ஒன்று வாங்கி வந்தோம். வாட்ஸ்அப் வீடியோவில் சொன்னபடி, வெட்டிய சதையில் டிஷ்யூ பேப்பரை அழுத்தினேன். சிவந்துவிட்டது. பழத்தின் நடுவில் வெடிப்பும் இருந்தது. சாய ஊசி போட்ட பழம் என்று மாமியார் முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டார். அவருக்குச் சர்க்கரை வேறு. இனி வாங்கலாமா?
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாக வாங்குங்கள். நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களும் நல்ல பழத்திலும் இருக்கும்.

தர்பூசணியைச் சிவப்பாக்குவது லைகோபீன்; தக்காளியில் இருக்கும் அதே நிறமி. நீரில் கரையாது, நுண்ணிய துகள்களாகச் சாற்றில் மிதக்கும். பேப்பரை அழுத்தினால் சாற்றோடு துகளும் ஒட்டும். பழம் எவ்வளவு பழுத்ததோ அவ்வளவு சிவக்கும். அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது.

சந்தேகம் தீர வேண்டுமானால், ஒரு கப் சதையைப் பிழிந்து, வெள்ளைத் துணியை நான்காக மடித்து வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஃப்ரிட்ஜில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். இயற்கை நிறமென்றால் சிவப்புச் சக்கை தனியே பிரியும், மிச்ச நீர் வெளிறிப்போகும். வீடியோக்களில் அடிபடும் எரித்ரோசின் நீரில் கரையும் சாயம். அது கலந்திருந்தால் தெளிந்த நீரும் சிவப்பாகவே நிற்கும்.

ஊசிக் கதையையும் யோசித்துப் பாருங்கள். பறித்த பழத்துக்குள் சாயத்தைச் சுற்றிக் கொண்டுபோக எந்த ஓட்டமும் இல்லை. ஊசி இறங்கிய இடத்தில் ஒரு கோடாகத்தான் நிற்கும். ஐந்து கிலோ சதையைச் சீராகச் சிவக்க வைக்க எத்தனை துளை வேண்டும்! துளை வழியே சாறு கசிந்து, சித்திரை வெயிலில் சீக்கிரமே புளித்து நுரைக்கும். விற்கிறவருக்கு நஷ்டம்தான்.

நடு வெடிப்பு கொடியிலேயே வருவது. மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காமல், பிறகு பழம் வேகமாகப் பருத்தால் சதை பிளக்கும். சாப்பிடத் தடையில்லை.

2025 கோடையில் இதே புரளியால் தமிழ்நாட்டில் தர்பூசணி விலை சரிந்தது. மூன்று மாதம் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தவர்கள் என்ன பிழை செய்தார்கள்? அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது கத்திக்கும் வெயிலுக்கும். தர்பூசணியில் புளிப்பு குறைவு, அதனால் வெட்டிய சதையில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் எளிதில் பெருகும். தோலில் ஒட்டிய மண்ணைக் கத்தி உள்ளே இழுத்துவிடும். அதனால் முழுப்பழத்தை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகே வெட்டுங்கள். வெட்டியதை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த துண்டு வேண்டாம். வண்டியில் காலையிலிருந்து அடுக்கி வைத்திருப்பதும் அப்படித்தான். சாயம் கலக்க வசதியானது ஜூஸ்தான். அதைத் தெரிந்த கடையில், கண்ணெதிரே அடிக்கச் சொல்லிக் குடியுங்கள்.

வாங்கும்போது பழத்தைப் புரட்டிப் பாருங்கள். தரையில் படிந்த திட்டு வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியில் பழுத்தது. வெள்ளையாக இருந்தால் முன்பே பறித்தது. வீட்டில் வைத்தாலும் இனிப்பு ஏறாது.

மாமியாருக்கு 150 கிராம் தரலாம், அதில் மாவுச்சத்து சுமார் 11 கிராம். ஜூஸாக வேண்டாம், சோறு சாப்பிட்ட கையோடும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறும் இருந்தால், பழத்தில் உள்ள பொட்டாசியத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். அளவை அவருடைய மருத்துவரே சொல்லட்டும்.