நூற்றாண்டு கண்ட கம்பெனி என்று நம்பி வீட்டுக்கடன் வாங்கலாமா?

தம்பி, கிண்டியில் மைனிங் படித்து, நெய்வேலியில் கொஞ்ச காலம் இருந்து, இப்போது ஆஸ்திரேலியச் சுரங்கக் கம்பெனியான பிஎச்பி வேலைக்குப் பெர்த் வருகிறீர்கள், ரொம்ப சந்தோஷம். நூற்று நாற்பது வருஷக் கம்பெனி ஆயிற்றே, வந்த கையோடு வீடு வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் பெரம்பூர்க்காரன், இங்கே சுரங்கத் தொழிலிலேயே காலம் தள்ளியவன். பட்டென்று சொல்கிறேன், கம்பெனி நிலைக்கும், ஆனால் அது எந்த ஊரையும் எந்தத் தொழிலையும் கட்டிக்கொண்டு அழாது.

1883-ல் சார்லஸ் ராஸ்ப் என்ற ஆட்டுப்பண்ணை எல்லைக் காவல்காரர் வெள்ளீயம் (டின்) என்று நினைத்துச் சுரங்க உரிமை எடுத்த புரோக்கன் ஹில் மலையில் வெள்ளியும் ஈயமும் கொட்டிக் கிடந்தன, 1885-ல் கம்பெனி பிறந்தது. அந்தப் பிறந்த ஊரையே 1939-ல் விட்டுப் போய்விட்டார்கள். அதற்கு முன்பே, 1915-ல், நியூகாசிலில் எஃகு ஆலை திறந்திருந்தார்கள், ஊரே அதை நம்பித்தான் வளர்ந்தது, அதையும் 1999-ல் மூடினார்கள். 2001-ல் பில்லிட்டன் என்ற இன்னொரு சுரங்கக் கம்பெனியோடு இணைப்பு. (அதே வருஷம்தான் கோலார் தங்கவயலும் மூடியது, வட ஆற்காட்டிலிருந்து போன நம் ஜனங்கள் என்ன பாடு பட்டார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.) அப்புறம் 2015-ல் அலுமினியம், மாங்கனீசு எல்லாம் சவுத்32 என்ற தனிக் கம்பெனியாகப் போனது, 2022-ல் எண்ணெயும் எரிவாயுவும் உட்சைடு என்ற கம்பெனிக்குப் போனது. 2024 அக்டோபரில், இந்தோனேசிய நிக்கல் சந்தையில் குவிந்து விலை விழுந்ததால், மேற்கு ஆஸ்திரேலிய நிக்கல் பிரிவையே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அதனால் கம்பெனியின் வயதைப் பார்க்காதீர்கள், உங்களை எந்தத் தாதுவில் போடுகிறார்கள் என்று பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கிற பில்பாரா இரும்புத்தாது என்றால் ஓரளவு தைரியமாக இருக்கலாம், கம்பெனிக்குச் சோறு போடுவதில் பெரிய பங்கு அதுதான். 2001-ல் சோதனைக்காக அங்கே 682 வேகன் கோத்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ரயிலையே ஓட்டிக் காட்டினார்கள். அங்கே நியூமன் என்ற சுரங்க ஊர்ப் பக்கம் போனால் செம்மண் தூசி சாக்ஸ் வரைக்கும் ஏறும், எத்தனை தடவை துவைத்தாலும் போகாது, வெள்ளைச் சட்டை எதுவும் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று. கழிவுச் சகதியைத் தேக்கும் அணைப் பக்கம் வேலை கொடுத்தால், 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலில் இவர்களும் அந்த ஊர்ச் சுரங்கக் கம்பெனியான வாலேயும் சேர்ந்து நடத்திய சமார்கோ கம்பெனியின் அணை உடைந்து 19 பேர் செத்ததை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள். அங்கே கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் நீங்களாக இருக்கலாம், மேலே இருப்பவர் அவசரப்படுத்தினாலும் அளவீடு சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுதுங்கள்.

வீட்டு விஷயம், முதல் வருஷம் வாடகைதான். நேரடி வேலையா, கான்டிராக்ட்காரர் மூலமா, ரோஸ்டர் (எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் லீவு) என்ன என்று கையெழுத்துக்கு முன்னாலேயே எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வாரம் சைட், ஒரு வாரம் வீடு என்று வந்தால் கைக்குழந்தையோடு உங்கள் மனைவிதான் தனியாகச் சமாளிக்க வேண்டும், ஆகவே அவருக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைக்கும்வரை ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள்.